கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய கோவா: யாத்திரைப் பக்கேஜும் அதில் இல்லாத வாசலும்

புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடலைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை கீழே இறக்கி மக்கள் பார்க்க வைப்பார்கள். கடைசியாக 2024 நவம்பர் 21 தொடக்கம் 2025 ஜனவரி 5 வரை பழைய கோவாவில் வைத்திருந்தார்கள். அதற்கு நானும் அம்மாவும் மாமியும் கொழும்பிலிருந்து ஒரு யாத்திரைப் பக்கேஜில் போய் வந்தோம். வந்த நாள் முதல் கோயிலிலும் சொந்தத்திலும் ஒரே கேள்விதான்: ஏஜென்சி எப்படி, கொடுத்த காசுக்குப் பெறுமதியா, முழங்கால் வலி உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா. ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். அடுத்த தரிசனத்துக்கு இன்னும் பல வருடம் இருக்கிறது, ஆனால் சாதாரண கோவா யாத்திரையை இவர்கள் எப்போதும் நடத்துகிறார்கள், நிகழ்ச்சி நிரலும் ஏறத்தாழ இதேதான். போக யோசிப்பவர்களுக்கு உதவும்.

ஏஜென்சியின் பெயரைப் போடவில்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையைச் சுற்றியும் இந்த வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போகும் குறை அவர்களில் ஒருவருடையது மட்டும் இல்லை என்றே நினைக்கிறேன். யாரிடம் போனாலும் எதைக் கேட்டுவிட்டுக் காசு கட்ட வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், நல்லது நிறைய இருந்தது. ஆளுக்கு 235,000 ரூபாய், ஐந்து நாள், பெங்களூர் வழியாக விமானம், கோவாவின் தலைநகர் பஞ்சிமில் ஹோட்டல், காலையும் இரவும் சாப்பாடு, போகவர வான். இந்திய விசாவை அவர்களே போட்டுக் கொடுத்தார்கள், அம்மாவின் கடவுச்சீட்டில் ஊர்ப்பெயர் எழுத்துப் பிழையாக இருந்ததைக் கூடக் கவனித்துச் சொன்னார்கள். கூடவே தமிழ் தெரிந்த ஒரு ஃபாதர் வந்தார். ஒவ்வொரு நாளும் தமிழில் பூசை. எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர், பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், கொழும்பு ஆட்களோடு நீர்கொழும்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வந்தவர்களும் இருந்தார்கள். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம், இரண்டு பக்கமும் தயாராக நின்றது. தரிசனத்தன்று சே கதீட்ரலில் வரிசை நீளம், ஆனால் வயதானவர்களுக்குத் தனி வழி இருந்தது, ஏஜென்சிப் பையன் ஒருவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தான். அந்தப் பையனை நான் மறக்கமாட்டேன். அம்மாவின் ஊர் மன்னாரில் பேசாலை. 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களானவர்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் வெட்டிக் கொன்ற கதையும், அவர்கள் சவேரியாரைத்தான் வரச்சொல்லி அழைத்தார்கள், அவர் தனக்குப் பதிலாக இன்னொரு குருவை அனுப்பினார் என்ற கதையும் அம்மா சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவை. கண்ணாடிக்குள் அந்த உடலைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் நின்றார். இந்தப் பயணத்தின் மற்றச் செலவெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கே போதும்.

இனிக் குறை.

ஏஜென்சி கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் மூன்றாம் நாளுக்கு நேரே "யேசு சபையினரின் பழைய கோவா முழுவதும்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நான் இந்தப் பக்கேஜை எடுத்தேன், இதைவிட மலிவானது இருந்தும். ஏன் என்றால், அப்பா கொம்பசிற்றர். கொழும்பில் ஒரு சின்ன அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் தமிழ் ஈய எழுத்துக் கோர்த்தவர். எழுத்துப் பெட்டியைப் பார்க்காமலே எந்தக் குழியில் எந்த எழுத்து என்று கை போகும், கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் கோயில் திருவிழா நோட்டீஸும் அவர் விரலால் கோர்த்தவைதான். நகக்கண்ணில் எப்போதும் மை. அவர் எங்களுக்கு அடிக்கடி சொன்ன ஒரு விஷயம், தமிழ் எழுத்தை முதன்முதலில் ஈயத்தில் வார்த்தது கோவாவில், யேசு சபைக்காரர், அதாவது கத்தோலிக்க ஜெசுயிட் துறவிகள், வார்த்தார்கள் என்பது. அந்த இடத்தைப் பார்க்க அவருக்கு ஆசை. போகாமலே போய்விட்டார். அதனால் "முழுவதும்" என்ற சொல்லை நான் நம்பினேன்.

மூன்றாம் நாள் என்ன நடந்தது? பொம் ஜேசு பசிலிக்கா, சே கதீட்ரல், பிறகு ஒரு கடைத்தொகுதி. அவ்வளவுதான். யேசு சபையின் அச்சுக்கூடம் இருந்த புனித பவுல் கல்லூரி எங்கே என்று கேட்டேன். வான் சாரதிக்கு அப்படி ஒரு பெயரே தெரியவில்லை. குழுத் தலைவர் பிரசுரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றும் இல்லை அக்கா, ஒரு வாசல் மட்டும்தான் நிற்குது, இறங்கி ஏற அரை மணித்தியாலம் போயிரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அதில் பார்க்க எதுவும் இல்லை என்று நினைத்தார். ஆனால் இல்லாத இடத்தைப் பிரசுரத்தில் எழுதுவதும், எழுதிய இடத்துக்குப் போகாமல் விடுவதும் சரியில்லை. அதே நாளில் முந்திரிப்பருப்புக் கடைக்கு ஒன்றரை மணித்தியாலம் கொடுத்தார்கள்.

நான்காம் நாள் பின்னேரம் கலங்குட் கடற்கரைக்குப் போகும் திட்டம். நாங்கள் மூவரும் போகவில்லை. ஹோட்டல் வரவேற்பில் சொல்லி உள்ளூர் வழிகாட்டி ஒருவரைப் பிடித்தோம். மூன்று மணித்தியாலத்துக்கு 2,500 இந்திய ரூபாய், கார் தனி. அறுபது வயது இருக்கும், பழைய கோவாவுக்குப் பக்கத்து ஊர்க்காரர், கொங்கணிதான் தாய்மொழி, எங்களோடு ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார், நான் அம்மாவுக்கும் மாமிக்கும் தமிழில் திருப்பிச் சொன்னேன். நான் எழுதுவது விமர்சனம் என்றால் இந்த மனிதரின் சேவைக்குத்தான் ஐந்துக்கு ஐந்து. தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொன்னார். எங்கேயும் அவசரப்படுத்தவில்லை. கடைக்குக் கூட்டிப்போகவில்லை. அம்மாவுக்கு உட்கார ஒரு மடக்கு நாற்காலியைக் காரிலேயே போட்டுக்கொண்டு வந்தார், நாங்கள் கேட்கவே இல்லை.

பெரிய கோயில்கள் நிற்கும் புல்வெளியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் வீதியோரத்தில் அது நிற்கிறது. குழுத் தலைவர் சொன்னது சரிதான், ஒரு வாசல். செம்புறைக்கல், நாங்கள் கபுக் கல் என்று சொல்வோமே அதே கல்லில் கட்டிய ஒரு வளைவு, இரண்டு பக்கமும் கருங்கல் தூண்கள், தூண் தலையில் இலை மாதிரிச் செதுக்கல், மேலே ஒரு மாடம், அதற்கும் மேலே சிலுவை. வளைவுக்குள்ளால் பார்த்தால் அந்தப் பக்கம் மரங்களும் பற்றையும். கட்டடம் என்று எதுவும் கிடையாது. தொல்லியல் துறையின் பலகை ஒன்று உண்டு, அதில் நாலைந்து வரி. தெரியாமல் போனால் குழுத் தலைவர் மாதிரித்தான் எங்களுக்கும் தோன்றியிருக்கும், தெரிந்து போனதால் என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

அங்கே இருந்தது என்ன என்று சொல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று புரியாது. 1541இல் கோவாவில் திருவிசுவாசச் சகோதரத்துவம் என்று ஒன்றைத் தொடங்கி, கீழைத் தேசத்துப் பையன்களைப் படிப்பித்துக் குருக்களாக்க ஒரு கல்விச்சாலை கட்டத் தொடங்கினார்கள். சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அடுத்த சில வருடங்களில் அது யேசு சபையின் கைக்கு வந்தது, புனித பவுலின் பெயர் நிலைத்தது. அந்தப் பெயர் எவ்வளவு பெரிது என்றால், கீழைத் தேசம் முழுக்க யேசு சபையாரையே பவுலிஸ்தர் என்று கூப்பிட்டார்கள். பெயரில் அது கல்லூரிதான், ஆனால் இலக்கணம், சொற்கலை, மெய்யியல், இறையியல் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள், பல தேசத்துப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழே இருந்தார்கள், மாணவர்கள் சபை நடுவே நின்று தங்கள் முடிவுகளை வாதாடி நிறுவ வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் என்று இன்று எதைச் சொல்கிறோமோ அந்த வேலைதான். அந்த வாதங்களுக்கான முடிவுகளை 1556இல் அச்சடித்தும் கொடுத்தார்கள்.

அச்சு எப்படி வந்தது என்பது நல்ல கதை. அந்த அச்சு இயந்திரம் கோவாவுக்காக வந்ததே இல்லை. அபிசீனியாவுக்கு, இன்றைய எத்தியோப்பியாவுக்கு, போகப் புறப்பட்டது, அந்நாட்டுக்கு நியமிக்கப்பட்ட மறைமுதல்வரோடு. 1556 செப்டெம்பரில் கப்பல் கோவாவைத் தொட்டது, இயந்திரம் அங்கேயே தங்கிவிட்டது, அதை ஓட்டத் தெரிந்த யுவான் தெ புஸ்தமாந்தே என்ற சகோதரரும் தங்கினார். இந்தியாவில் முதல் அச்சுக்கூடம் அப்படித்தான் இந்தக் கல்லூரிக்குள் வந்து உட்கார்ந்தது. வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் மாமி கேட்டார், "அப்ப அது இங்கேதானா, இந்த மண்ணிலேயா?" இங்கேதான்.

தமிழுக்கு வருவோம். அதற்கு முன்னாலேயே, 1554இல், லிஸ்பனில் ஒரு ஜெபப் புத்தகம் தமிழில் அச்சானது, ஆனால் ரோமன் எழுத்தில். வின்சென்ட் தெ நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூன்று தமிழர்கள் அங்கே இருந்து அதைச் செய்தார்கள். மொழி தமிழ், எழுத்து வேறு. தமிழ் எழுத்தையே வார்க்க வேண்டும் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் உளி பிடித்து அச்சு வெட்டி, அதைச் செம்பில் அடித்து, அந்தக் குழியில் ஈயத்தை ஊற்றி எடுக்க வேண்டும். தமிழில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று அப்பா எழுத்துப் பெட்டியைக் காட்டி எண்ணச் சொல்வார், நாங்கள் பாதியில் குழம்பிவிடுவோம். ஜோவாம் கொன்சால்வெஸ் என்ற யேசு சபைச் சகோதரர் 1577இல் கோவாவில் அதைச் செய்தார். தமிழ் எழுத்து முதன்முதல் உலோகமானது அப்போதுதான். அந்த எழுத்துகள் திருப்தியாக அமையவில்லை என்று அடுத்த வருடம் கொல்லத்தில் ஜோவாம் தெ ஃபாரியா வேறு எழுத்து வார்த்தார். அதை வைத்து 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சானது தம்பிரான் வணக்கம், 16 பக்கம். தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார், போர்த்துக்கேயப் பெயர் அன்ரிக்கே அன்ரிக்கஸ். 1546இல் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறையில் தமிழ் படித்து, அங்கேயே 1600இல் இறந்தவர். அந்தச் சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577இல் வார்த்தது, கொல்லத்தில் 1578இல் வார்த்தது என்று இரண்டு எழுத்து வகையையும் வரிசையாக அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, ஓலையில் எழுதுவது மாதிரியே. பிரதி இப்போது ஹார்வர்டில் இருக்கிறது. அந்தக் கடைசிப் பக்கத்தின் படத்தை நான் போனில் வைத்திருந்தேன். வளைவின் கீழே நின்று அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார், பிறகு தூணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யாத்திரை போகிறவர்களுக்கு எழுத்தும் அச்சும் முக்கியம் இல்லை, சவேரியார்தான் முக்கியம் என்று ஏஜென்சி சொன்னால் அதற்கும் என்னிடம் பதில் இருக்கிறது. 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவில் இறந்த சவேரியாரின் உடலை மலாக்கா வழியாகக் கொண்டுவந்து 1554 மார்ச்சில் கோவாவில் இறக்கியபோது முதலில் வைத்தது இந்தக் கல்லூரியில்தான். உடல் இப்போது இருக்கும் பொம் ஜேசுவே 1605இல்தான் அபிஷேகம் பண்ணப்பட்டது. ஆகவே நாம் கும்பிடப் போகும் அந்த உடல் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்த இடம் இந்த வீதியோரம். அதைப் பார்க்காமல் வானுக்குள் இருந்தபடியே கடந்து போகிறோம்.

வளைவு மட்டும் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. பக்கத்திலேயே சவேரியார் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. கல்லூரி நடந்த காலத்தில் அதன் வளவுக்குள் இருந்த சிறு கோயில், சவேரியார் அங்கே செபித்தார் என்பார்கள். இடிந்து போய் 1884இல் திரும்பக் கட்டியது, வெள்ளையடித்த எளிய கட்டடம், எங்கள் ஊர்ப்புறத்துச் சின்னக் கோயில்கள் மாதிரி. நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. திண்ணையில் இருந்து ஒரு பத்துமணிச் செபமாலை சொன்னோம். காற்று நல்லாக இருந்தது, ஆள் நடமாட்டமே இல்லை, ஒரு கிலோமீற்றர் தள்ளி ஆயிரக்கணக்கான சனம் வரிசையில் நிற்கிறது என்று நம்ப முடியாது.

எப்படி அழிந்தது என்று மாமி திரும்பத் திரும்பக் கேட்டார், அவருக்கு அதுதான் தாங்கவில்லை. முதல் காரணம் நோய். அந்தப் பள்ளமான பகுதியில் காய்ச்சலும் கொள்ளைநோயும் வந்துகொண்டே இருந்தன, நிறையப் பேர் செத்தார்கள், ஆகவே 1610 அளவில் யேசு சபையார் மேட்டுப் பக்கம் புனித ரோக் என்ற இடத்தில் புதிய பவுல் கல்லூரிக்கு மாறினார்கள். அதுவும் இன்று இல்லை. இரண்டாவது காரணம் அரசியல். போர்த்துக்கலில் அரசரின் அமைச்சர் பொம்பாலின் அதிகாரம் ஓங்கியிருந்த 1759இல் யேசு சபையைத் தன் நாடுகள் எல்லாவற்றிலிருந்தும் துரத்தினார்கள். கோவாவில் மட்டும் இல்லை, போர்த்துக்கலிலேயே எவோராவில் 1559 தொடங்கிச் சரியாக இருநூறு வருடம் நடந்த யேசு சபைப் பல்கலைக்கழகத்தையும் அதே வருடம் மூடினார்கள். சீனக் கரையோர மக்காவோவில் 1594இல் தொடங்கிய பவுல் கல்லூரிக்கும் அதே முடிவுதான் வந்தது, அங்கே 1835இல் தீப்பிடித்துக் கோயிலின் முகப்பு மட்டும் நிற்கிறது, அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எவோராவுக்கு மட்டும் அதிர்ஷ்டம், கட்டடம் முழுதாக நின்றது, 1970களில் திரும்பப் பல்கலைக்கழகமே ஆகிவிட்டது, நீலமும் வெள்ளையுமான ஓடு பதித்த பழைய வகுப்பறைகளில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள். கோவாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கைவிடப்பட்ட கல்லூரியை இடித்துக் கல்லைப் பஞ்சிமில் கட்டடம் கட்ட எடுத்துப் போனார்கள். நாங்கள் தங்கிய ஹோட்டலைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் அந்தக் கல் எங்கேயாவது இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார், அன்று இரவு நடக்கும்போது நான் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

நோய்க்குப் பயந்து இடம் மாறிய அந்தக் கல்லூரியிலிருந்து இலங்கைக்கு வந்த ஒரு கொடையையும் சொல்ல வேண்டும். இதை வழிகாட்டிக்கு நான் சொன்னேன், அவருக்குப் புதிது. பெர்ணாவோ தெ கேய்ரோஸ் என்ற யேசு சபைக் குரு கோவாவில் இருந்து இலங்கையின் போர்த்துக்கேயர் காலத்தை எழுதினார், 1687இல் முடித்தார், அடுத்த வருடம் இறந்தார். யாழ்ப்பாண இராச்சியம் விழுந்தது, கோட்டை இராச்சியம், மன்னார், கொழும்பு முற்றுகை எல்லாவற்றுக்கும் வரலாறு படிப்பவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்துக்குத்தான் போகிறார்கள். அவர் போர்த்துக்கேயர் பக்கம் நின்றுதான் பார்க்கிறார், அதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும், ஆனாலும் அவர் எழுதாவிட்டால் நமக்குத் தெரியாமலே போயிருக்கும் செய்திகள் ஏராளம். கையெழுத்துப் பிரதி எங்கேயோ சுற்றி பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் கிடந்தது, முதல் அச்சானது 1916இல், நம்முடைய கொழும்பில், அரசாங்க அச்சகத்தில். ஆங்கில மொழிபெயர்ப்பும் 1930இல் கொழும்பில்தான் வந்தது, செய்தவர் இன்னொரு யேசு சபைக் குரு, எஸ். ஜி. பெரேரா. அப்பா மாதிரி ஈயம் கோர்க்கும் ஒருவர், பெயர் தெரியாதவர், கோவாவில் எழுதியதை 229 வருடம் கழித்துக் கொழும்பில் கோர்த்திருக்கிறார். எனக்கு இது பெரிய விஷயம்.

கொழும்பிலும் யேசு சபைக் கல்லூரி ஒன்று இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1602இல் அவர்கள் இலங்கைக்கு வந்தார்கள், கோட்டைக்குள் கல்லூரி நடத்தினார்கள், 1656 மே மாதம் ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்ததோடு முடிந்தது. திரும்பி வந்த அடுத்த ஞாயிறு பூசை முடிந்து நான் கோட்டைப் பக்கம் போய் நடந்து பார்த்தேன். எதுவும் இல்லை. ஒல்லாந்தர் ஆஸ்பத்திரி நிற்கிறது, ஆங்கிலேயர் கட்டியவை நிற்கின்றன, போர்த்துக்கேயர் காலத்துக் கல்லூரிக்கு ஒரு பலகை கூட இல்லை. சான் செபஸ்டியன் மேடு என்று பெயரில் மட்டும் அந்தக் காலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோவாவில் ஒரு வாசலாவது மிஞ்சியதே என்று அன்றுதான் நினைத்தேன். பிற்காலத்தில் யேசு சபையார் திரும்ப வந்து நடத்திய மட்டக்களப்பு புனித மிக்கேல் மாதிரிப் பாடசாலைகள் நன்றாகவே நடக்கின்றன, அது வேறு கதை.

பொம் ஜேசுவைப் பற்றியும் ஒரு வார்த்தை, பக்கேஜில் அதுதான் முக்கிய நிறுத்தம். குழுவோடு போனபோது நாற்பது நிமிடம் தந்தார்கள். வழிகாட்டியோடு திரும்பப் போனபோதுதான் ஏன் அந்தக் கோயிலின் வெளிச்சுவர் மட்டும் பூச்சில்லாமல் சிவப்பாக நிற்கிறது என்று தெரிந்தது: 1950களில் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டார்கள், பழைமையாகத் தெரியட்டும் என்று. கபுக் கல்லுக்கு மழை ஆகாது என்று எங்கள் ஊரில் வீடு கட்டும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒவ்வொரு மாரிக்கும் கல் கரைகிறது, கிட்டப்போய்ப் பார்த்தால் குழி குழியாக இருக்கிறது. ஒட்டினாற்போல் நிற்கும் பெரிய கட்டடம் யேசு சபையாரின் தலைமை இல்லம், 1580களில் கட்டியது, யேசு சபைக் கட்டடங்களில் பழைய கோவாவில் இன்னும் ஆள் வாழும் அளவுக்கு நிற்பது அதுதான். குழுவோடு வந்தபோது அதன் நிழலில் நின்று தண்ணீர் குடித்தோம், என்னவென்று யாரும் சொல்லவில்லை. உள்ளே சவேரியாரின் வெள்ளிப் பேழை 1630களில் கோவாத் தட்டார்கள் செய்தது, கீழேயுள்ள பளிங்கு மேடை தொஸ்கானாப் பிரபு அனுப்பியது. இவற்றைச் சொல்ல ஏஜென்சிக்கு ஐந்து நிமிடம் போதும்.

சாப்பாடு சுமார். ஹோட்டலில் மூன்று இரவும் ஒரே வட இந்தியக் குழம்பு, வயதானவர்களுக்கு ஒத்துவரவில்லை, நான்காம் நாள் நாங்களாகவே வெளியே போய் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம், தேங்காய் போட்ட குழம்பு, வீட்டுக் கறி மாதிரியே. கடையில் நம் ஊர் இனிப்பான தொதல் இருந்தது! பெயரும் தொதோல்தான், கித்துள் கருப்பட்டிக்குப் பதிலாகத் தென்னங் கருப்பட்டி, நத்தாருக்குச் செய்வார்களாம். மாமி இரண்டு கிலோ வாங்கினார்.

எங்களால் போக முடியாமல் போனது ராசோல். பழைய கோவாவிலிருந்து தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. யேசு சபையார் கட்டிய கல்லூரி, அவர்கள் துரத்தப்பட்ட பிறகு மறைமாவட்டக் குருமடமாகி இன்றைக்கும் குருமடமாகவே நடக்கிறது. முழுதாக மிஞ்சிய கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். ஆங்கிலேயரான தோமஸ் ஸ்டீபன்ஸ் மராத்தியில் ஓவி என்ற யாப்பில் எழுதிய கிறிஸ்து புராணம் 1616இல் அங்கேதான் அச்சானது. நம் வீரமாமுனிவர் தேம்பாவணி பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இன்னொரு யேசு சபைக்காரர் இன்னொரு இந்திய மொழியில் அதே வேலையைச் செய்திருக்கிறார். போவதற்கு அரை நாள் வேண்டும், எங்களிடம் இருந்தது மூன்று மணித்தியாலம்.

புள்ளி என்று கேட்டால், விசா, விமானம், பூசை, வயதானவர்களைக் கவனித்தது, இவற்றுக்கு ஏஜென்சிக்கு நாலரை தருவேன். சாப்பாட்டுக்கு இரண்டு. இடங்களைக் காட்டியதற்கும் விளக்கியதற்கும் ஒன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். மடக்கு நாற்காலி ஒன்றும் மூட்டுவலிக்குப் பூசும் எண்ணெயும் கையில் இருக்கட்டும், பஞ்சிம் ஹோட்டல்களில் மின்தூக்கி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், எங்கள் ஹோட்டலில் இருந்தது, குழுவில் பாதிப் பேரைப் போட்ட மற்ற ஹோட்டலில் இருக்கவில்லை.

திரும்பி வந்து இரண்டு கிழமை கழித்து ஏஜென்சிக்குப் போனேன். சண்டைக்கு இல்லை. பவுல் கல்லூரியைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதி, தம்பிரான் வணக்கத்தின் கடைசிப் பக்கப் படத்தையும் ஒட்டி எடுத்துப் போனேன். நடத்துபவர் முழுவதையும் படித்தார். "அக்கா, வானை நிறுத்தினால் பன்னிரண்டு நிமிடம் போதுமா?" என்று கேட்டார். இருபது வேண்டும் என்றேன். அங்கேயே போட்டோகொப்பி எடுத்து வைத்துக்கொண்டார், அடுத்த குழுவின் பிரசுரத்தில் மூன்றாம் நாளில் கடைத்தொகுதிக்கு முன்னால் அந்த வளைவையும் சிற்றாலயத்தையும் பெயர் சொல்லிப் போட்டிருக்கிறார், நான் பார்த்தேன். நீங்கள் வேறு ஏஜென்சியில் போவதென்றால் காசு கட்டுவதற்கு முன் பிரசுரத்தில் அந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.